படிக்காமல் அடித்த ஸ்டென்சில்

எங்கள் வீட்டு மேஜை மேல் ஒரு தமிழ் டைப்ரைட்டர் இருந்தது. அது எங்களுடையதில்லை. அண்ணன் வேலை பார்த்த ஆழ்வார்பேட்டைக் கம்பெனியின் தொழிற்சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்துக்கென்று தனி அறை கிடையாது. ஆபீசில் வைத்தால் நிர்வாகம் எடுத்துப் பூட்டிவிடும் என்று பயம். அதனால் மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து, சாப்பாடு கேட்காத விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கு அதன் மேல் தீராத ஆத்திரம். "மூணு பேர் காலை நீட்டிப் படுக்க எடமில்லே, இதுக்கு ஒரு மேஜை கேக்குதா?" என்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்துக் குங்குமமும் வைப்பாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, ஒரு தீபாவளி முடிந்த கையோடு போய்விட்டார். அண்ணன் குமாஸ்தாவாகச் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினான். கம்பெனியில் வேலை செய்ததைவிடச் சங்கத்தில் அதிகம் வேலை செய்தான் என்று அம்மா சொல்வாள். அது பொய்யில்லை. இணைச் செயலாளர் ஆன பிறகு அவன் சாப்பிடும்போதும் ஏதாவது ஒரு கோரிக்கையைப் பிசைந்துகொண்டுதான் இருப்பான்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணை அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் டைப்ரைட்டிங். கல்யாணத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாததால் என்னை டைப்ரைட்டிங்குக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருந்தது இன்ஸ்டிடியூட். அங்கே மாஸ்டர் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: படிக்காதே, அடி. கண் பார்க்கவேண்டும், விரல் போகவேண்டும், நடுவில் மனசு வரக் கூடாது. "அர்த்தம் பாக்க ஆரம்பிச்சா ஸ்பீடு போச்சு. கல்யாணப் பத்திரிகையா இருந்தா என்ன, கருமாதிப் பத்திரிகையா இருந்தா என்ன, உனக்கு எழுத்துதான்" என்பார். நான் அதை நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. என் விரலுக்கு அடியில் எத்தனையோ பேருடைய சந்தோஷமும் துக்கமும் போயிருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் கம்பெனியிலேயே டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பரீட்சை எழுதினேன், நேர்முகத்துக்கும் போனேன். பாஸ் ஆகிவிட்டேன் என்றும், காலியிடம் வரவரக் கூப்பிடுவோம் என்றும் சொன்னார்கள். காத்திருப்போர் பட்டியலில் என் பேர் மேலேயே இருக்கிறது என்று அண்ணன் விசாரித்துக்கொண்டு வந்தான். அம்மா அன்றைக்கே கபாலி கோயிலுக்கு அர்ச்சனை வேண்டிக்கொண்டாள். தபால்காரர் எங்கள் சந்தில் நுழைந்தால் நான் வாசலுக்கு வந்து நிற்பேன். "இலவு காத்த கிளின்னு சொல்லுவாங்க, இது வாசல் காத்த கிளி" என்று அண்ணன் கேலி செய்வான். எனக்கும் சிரிப்பு வரும். கிடைத்துவிடும் என்று நினைத்ததால் வந்த சிரிப்பு.

அப்போதுதான் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே அப்போது பலர் வாயில் நுழையவில்லை. எலெக்ட்ரானிக் மூளை என்றார்கள். ஒரு ஹால் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும், நூறு குமாஸ்தா செய்கிற வேலையை அதுவே செய்யும், அதற்கு ஏ.சி. வேண்டும் என்றெல்லாம் பேச்சு. "மனுஷன் விசிறி கேட்டா கெடையாது, மெஷினுக்கு ஏ.சி.யாம்" என்று அண்ணன் கொதித்தான். கறுப்பு பேட்ஜ், வாயிற் கூட்டம், உண்ணாவிரதம். ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸ்களையெல்லாம் அடித்துக் கொடுத்தது நான். மெஷின் வேண்டாம் என்று மெஷினில் அடித்துத் தள்ளினேன்.

ஸ்டென்சில் அடித்தவர்களுக்குத் தெரியும். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் அடிக்கவேண்டும். எழுத்து தாளைக் குத்திக்கொண்டு போகும். அப்புறம் அதைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டி உருட்டினால் குத்திய இடத்தின் வழியே மை இறங்கிப் பிரதி வரும். தப்பாக அடித்துவிட்டால் சிவப்பு ஃப்ளூயிட் ஒன்று உண்டு. நகப் பாலீஷ் வாசனை அடிக்கும். அதைப் பூசினால் குத்திய துளை அடைந்துபோகும், ஊதிக் காயவைத்து மேலேயே சரியாக அடிக்கலாம். விரலில் பட்டால் சுலபத்தில் போகாது. அந்த நாட்களில் என் நகக்கண் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். மருதாணி வைத்திருக்கிறாயா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் தமிழ் வாசகத்தை ஒரு சாயங்காலம் அண்ணன் கொண்டுவந்து வைத்தான். "இதை மட்டும் நல்லாப் பாத்து அடிச்சுக் குடு" என்றான். நல்லாப் பார்த்து அடித்தேன். ஒரு இடத்தில்கூட ஃப்ளூயிட் தேவைப்படவில்லை. முடித்துக் கொடுத்தபோது அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையைச் சொடுக்கிவிட்டுக்கொண்டு, "போதுமா?" என்றேன். "போதும்மா" என்றான். வழக்கமாக அவன் என்னை அம்மா போட்டுப் பேசுகிறவன் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கம் ஜெயித்துவிட்டது என்று சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்தாலும் ஒரு ஆளைக்கூட வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள். அண்ணனுக்கு மாலை போட்டு ஆழ்வார்பேட்டையில் ஊர்வலம் விட்டார்களாம். அம்மா ரவா கேசரி கிளறினாள். அண்ணன் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டான்.

நாட்கள் போயின. தபால்காரர் வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அண்ணனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இவளை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். "நீ சொல்லலையா அம்மாகிட்ட?"

"என்னத்தை?"

"நீதானே அடிச்சே?"

"அடிச்சேன்."

"படிக்கலையா?"

நான் படிக்கவில்லை. அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இருக்கிறவர்கள் யாரையும் எடுக்கமாட்டோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக, இனிமேல் காலியாகும் இடங்களில் ஆள் போடவேண்டியதில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. ரிட்டயர் ஆகிறவர், செத்துப்போகிறவர் யாருடைய நாற்காலியும் திரும்ப நிரம்பாது. காத்திருப்போர் பட்டியல் ரத்து.

"நீ அடிச்சுட்டு ஒண்ணும் சொல்லலையே. புரிஞ்சுகிட்டே, சரின்னு விட்டுட்டேன்னு நெனச்சேன். எவ்வளவு பெரிய மனசுன்னு நெனச்சேன்டி" என்றான்.

தன் காசைப் போட்டுச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கேட்டிருக்கிறேன். தன் விரலாலேயே பிழையில்லாமல் வைத்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அழுகை வரவில்லை. மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. மனசு நடுவில் வரவில்லை சார், நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். "ஊரான் பிள்ளைங்க சோத்துக்கெல்லாம் நீ காவல் நின்னுட்டே. வீட்ல இருக்கிறவ கதவைச் சாத்திட்டே."

"வேற வழி இல்லேம்மா. இல்லேன்னா அங்கே பாதிப் பேர் நடுத்தெருவுல. அவங்களுக்குக் குடும்பம் இருக்கு."

அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. தி.நகரில் பாத்திரக்கடை ஒன்றின் மேல்மாடியில் கார்டு பஞ்ச் பண்ண ஆள் எடுக்கிறார்கள், டைப் தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கம்ப்யூட்டருக்கு நம் எழுத்து தெரியாது. கெட்டி அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். அந்தத் துளை போடும் வேலை. ஒருத்தி அடிப்பாள், அதையே இன்னொருத்தி மறுபடி அடித்துச் சரிபார்ப்பாள். கார்டுக்கு இவ்வளவு என்று கூலி. லீவு கிடையாது, போனஸ் கிடையாது, நாளைக்கு உண்டா என்றும் தெரியாது. காண்டிராக்டர் பல கம்பெனிகளுக்கு எடுத்துச் செய்தார். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கட்டுக்கட்டாக வருவதில் பெரும்பங்கு அண்ணனுடைய கம்பெனி கணக்கு.

உள்ளே புது ஆள் போடக் கூடாது என்றால் கார்டு அடிக்க யார்? வெளியே கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருக்கவேண்டிய அதே கம்பெனி வேலையை அதே கம்பெனிக்காகப் பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து செய்தேன். விசிறி ஒன்றுதான். மழைக்காலத்தில் அட்டை ஈரத்தில் உப்பிவிடும், உப்பிய அட்டையைக் கம்ப்யூட்டர் துப்பிவிடும், திட்டு எங்களுக்கு விழும். குண்டு பல்பை எரியவிட்டு அதன் அடியில் அட்டைகளைக் குழந்தையைக் குளிர் காயவைக்கிற மாதிரி வைத்திருப்போம். கீழே எவர்சில்வர் பாத்திரம் தட்டிப் பார்க்கும் சத்தம், மேலே நாங்கள் துளை போடும் சத்தம். சாயங்காலம் ரயில்வே லைனைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போது காதில் ரெண்டும் சேர்ந்து இரைந்துகொண்டே வரும்.

வீட்டில் நானும் அண்ணனும் இதைப் பேசுவதில்லை. அவனுக்கும் தெரியும். சங்க ஸ்டென்சிலை மட்டும் தொடர்ந்து அடித்துக் கொடுத்தேன். இப்போதும் படிக்கவில்லை. முன்னே பழக்கத்தால் படிக்கவில்லை, இப்போது வேண்டுமென்றே படிக்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஒரு நாள் காலையில் காண்டிராக்டர் என்னைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கார்டு கொண்டுபோகும் ஆள் வரவில்லை. "நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடும்மா. உங்க அண்ணன் இருக்கிற எடம்தானே" என்றார். கார்டு அடுக்கிய பெட்டிகளை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, நடுவில் நானும் உட்கார்ந்தேன். தேனாம்பேட்டை தாண்டி ஆழ்வார்பேட்டைக்குள் திரும்பியதும் ரிக்‌ஷாக்காரர் வண்டியை மெதுவாக்கினார்.

"இன்னாம்மா இது, கேட்டாண்ட ஒரே கும்பலா கீது? கொடி வேற புட்ச்சிகினு நிக்கிறாங்கோ."

கோஷம் கேட்டது. 'வெளியாளுக்கு வேலை கொடுக்காதே! வெளியாளை உள்ளே விடாதே!' கும்பலின் முன்னால் நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அண்ணன். அன்றைக்கு மறியல். முந்தின சாயங்காலம் அதற்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது நான்தான்.

ரிக்‌ஷா முன்னால் நாலு பேர் வந்து நின்றார்கள். பெட்டியைப் பார்த்ததும் ஒருவர், "கார்டு! கார்டு வருது!" என்று கத்தினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் எத்தனையோ தடவை காப்பி குடித்தவர். சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் மெதுவாக வந்தான். தொண்டை கட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "திரும்பிப் போயிடு" என்றான்.

"திருப்பிக் கொண்டுபோனா எனக்குக் கூலி கெடையாதுண்ணே."

"தெரியும். போயிடு. உன்னை விட்டா நாளைக்கு நான் யாரையும் தடுக்க முடியாது."

ரிக்‌ஷாக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, பொம்பளப் புள்ளையப் போயி. வவுத்துப் பொழப்புக்கு வந்துகீது, வுடு நைனா" என்றார். அண்ணன் பெட்டிமேலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான், "திருப்புங்க, போலாம்" என்றேன். வண்டி திரும்பியதும் பின்னால் கோஷம் மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் குரல் மட்டும் அதில் இல்லை. மற்றவர்கள்தான் வெளியாள், வெளியாள் என்று கத்தினார்கள். மவுண்ட் ரோடு வரைக்கும் அது என் கூடவே வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடினேன். "இனிமே நான் அடிக்கலே. நீயே அடிச்சுக்கோ" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே உட்கார்ந்தான். புதிய கோரிக்கைகள் கொண்ட சாசனம் ஒன்றை நிர்வாகத்துக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான். நான் தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு ஆள் காப்பி குடித்துவிட்டு வரலாம். நடுநடுவே ஃப்ளூயிட் வாசனை வேறு. மத்தியானம் முழுக்க அது நடந்தது. முடித்ததும் ஸ்டென்சிலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "தப்பை மட்டும் திருத்திக் குடு. அடிக்கச் சொல்லலே" என்று சொல்லி வெளியே போய்விட்டான்.

தப்புத் திருத்தவேண்டுமென்றால் படித்துத்தான் ஆகவேண்டும். மெழுகுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சங்க நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பஞ்சப்படி, கேன்டீன், மருத்துவச் செலவு. வரிக்கு வரி ஒற்று விட்டிருந்தான். கடைசிக் கோரிக்கை மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகக் குத்தியிருந்தது. வெளியே கார்டு அடிக்கும் பெண்களை நிர்வாகம் நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு முதல் இடம் தரவேண்டும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வரியில் மட்டும் நாலைந்து தப்பு. ஒவ்வொன்றாகப் பூசி, ஊதி, காயவைத்துத் திருத்தினேன். இந்தத் தடவை மனசு நடுவில் வந்தது, விரல் தடுமாறியது, ஒரு எழுத்தை இரண்டு தரம் திருத்தவேண்டியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இனிமே தொடமாட்டேன்னியே?" என்றாள். பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

மறுநாள் அண்ணன் வர இருட்டிவிட்டது. வந்து சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தான். நான் எடுத்துப் பிரித்தேன். மை காயாத புதுப் பிரதி. பஞ்சப்படி இருந்தது, கேன்டீன் இருந்தது, மருத்துவச் செலவு இருந்தது. அதற்குக் கீழே கடைசிக் கோரிக்கையின் எண் மட்டும் இருந்தது. அதற்கு எதிரில் வெறும் வெள்ளை. அப்புறம் சங்கத்தின் பேர்.

"கமிட்டியில ஒத்துக்கலே" என்றான். "அவங்களை உள்ளே எடுன்னு கேட்டா, புது ஆள் வேண்டாம்னு போட்ட ஒப்பந்தத்தை நாமே உடைச்ச மாதிரி ஆயிடும்னாங்க. ஒவ்வொருத்தன் கையக் காலப் புடிச்சுப் பாத்தேன். வேற ஸ்டென்சில் அடிக்க நேரமில்லே."

யார் பூசியது என்று கேட்க வாயெடுத்தேன். அவன் சோற்றைப் பிசையக் கையை நீட்டினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரைக்கும் சிவப்பு.

அவன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனான். வெகு நேரம் தேய்த்தான். சோப்புப் போட்டான், சுவரில் உரசினான். திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்து விரலை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.

"போகலே" என்றான்.

"போகாதுண்ணே. நகம் வளர்ந்தாத்தான் போகும். சாப்பிடு" என்று ரசம் ஊற்றினேன்.